நடுவழியில் சைக்கிள் நின்றால்: வாசகர் கேள்வி பதில்

சாலையோரத்தில் சைக்கிள் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கியர் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போகிறேன். சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் புது டியூப், டயர் லீவர், குட்டி பம்ப் எல்லாம் இருக்கின்றன. போன வாரம் பஞ்சர் ஆனபோது எதை முதலில் எடுப்பது என்றே தெரியவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனேன். கடைக்காரரும் "இந்த வால்வுக்கு என்கிட்ட பம்ப் இல்ல சார்" என்று சொல்லிவிட்டார். எங்கிருந்து கற்றுக்கொள்வது? (திருவான்மியூர்)

பையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. கைதான் பழகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில், நல்ல வெளிச்சத்தில், பஞ்சரே ஆகாத சக்கரத்தைக் கழற்றி, டியூப்பை உருவி, மறுபடியும் மாட்டுங்கள். முதல் தடவை முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். இருட்டில், லாரி உரசிப் போகும் சாலையோரத்தில், முதன்முதலாக இதைச் செய்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

பின் சக்கரமாக இருந்தால், கழற்றுவதற்கு முன் கியரை மிகச் சின்னப் பல் சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். செயின் தளர்ந்து சக்கரம் எளிதாக வெளியே வரும். மீதிக் காற்றை முழுதாக இறக்குங்கள். கொஞ்சம் காற்று இருந்தாலும் டயர் அசையாது. அடுத்து வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சக்கரத்தைச் சுற்றி வந்து, டயரின் இரண்டு ஓரங்களையும் கட்டைவிரலால் ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். அந்தப் பள்ளத்தில் சுற்றளவு குறைவு. டயரின் ஓரக் கம்பி அதில் இறங்கினால்தான் மறுபக்கம் தளர்வு கிடைக்கும். இதைச் செய்யாமல் லீவரை நெம்பினால் லீவர்தான் உடையும்.

வால்வை விட்டுத் தள்ளி ஓரிடத்தில் முதல் லீவரை ஓரத்துக்கு அடியில் விட்டு நெம்பி, அதன் கொக்கியை ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டுங்கள். நான்கு விரல் தள்ளி இரண்டாவது லீவர். அதற்கப்புறம் ஓரம் தானாகக் கழன்று வரும். ஒரு பக்கம் கழன்றால் போதும், டயரை முழுதாக எடுக்க வேண்டியதில்லை. டியூப்பை உருவியதும், எது குத்தியது என்று கண்டுபிடிக்காமல் புது டியூப்பைப் போடாதீர்கள். குத்திய பொருள் டயரிலேயே இருந்தால் புது டியூப்பும் அடுத்த கிலோமீட்டரில் போய்விடும்.

புது டியூப்பில் அதன் வடிவம் வரும் அளவுக்கு இரண்டு மூன்று அடி காற்று அடித்துக்கொண்டு, வால்வை முதலில் நுழைத்து, மீதியை டயருக்குள் செருகுங்கள். டயர் ஓரத்தை உள்ளே தள்ளும்போது வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். அப்போது லீவரை எடுக்காதீர்கள், டியூப்பைக் கடித்துவிடும். எதிர்ப்புற ஓரத்தை மறுபடியும் பள்ளத்தில் தள்ளிவிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் உருட்டி ஏற்றுங்கள். பிறகு வால்வை ஒருமுறை மேலே அமுக்கி விடுங்கள். டயரை இரு பக்கமும் ஒதுக்கிப் பார்த்து, எங்கேயும் டியூப் பிதுங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு காற்று அடியுங்கள்.

வால்வு விஷயம். உங்களுடையது மெல்லிய பிரெஸ்டா வால்வு. அதன் நுனியில் உள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, ஒருமுறை அமுக்கி "புஸ்" என்று காற்று வருகிறதா பார்த்த பிறகுதான் பம்ப்பை மாட்ட வேண்டும். திருகைத் தளர்த்தாமல் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. சைக்கிள் கடையில் பித்தளை அடாப்டர் என்று கேளுங்கள், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை வால்வின் மேல் திருகிவிட்டால் மோட்டார் பைக்குக்குக் காற்று அடிக்கும் எந்தக் குழாயும் பொருந்தும். ஆனால் கம்ப்ரஸரில் அடிக்கும்போது விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். மெல்லிய டயர் இரண்டே நொடியில் நிறைந்து வெடித்துவிடும்.

எங்கள் ஊர்ச் சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம். பஞ்சர் ஒட்டி இரண்டு நாள் ஓடுகிறது, திரும்பவும் அதே சக்கரம் இறங்கிவிடுகிறது. ஒட்டு சரியில்லையா, டயர் சரியில்லையா? (விருதுநகர் அருகே ஓர் ஆசிரியை)

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. முள் இன்னும் டயருக்குள் இருக்கிறது. சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்ததும் வெளிமட்டத்தோடு ஒடிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே விரலை ஓட்டினாலும் தட்டுப்படாது, ஏனென்றால் காற்று இல்லாத டயரில் முள்ளின் நுனி ரப்பருக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. ஆள் ஏறி உட்கார்ந்து சக்கரம் உருளும்போது டயர் அழுந்தி, நுனி அரை மில்லிமீட்டர் வெளியே வந்து டியூப்பைத் தொடும். இரண்டு நாள் உரசினால் மறுபடியும் ஓட்டை.

கண்டுபிடிக்கும் வழி இது. டியூப்பை உருவும்போதே வால்வு டயரில் எந்த இடத்தில் இருந்தது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. டியூப்பில் காற்று அடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து எத்தனை சாண் தூரம் என்று அளந்து, டயரிலும் அதே தூரத்தில் பாருங்கள். டியூப்பைத் திருப்பிப் பிடித்திருக்கலாம் என்பதால் வால்வின் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அந்த இடத்தில் டயரை உட்புறம் வெளியே தெரியும்படி மடக்கி வளையுங்கள். அமிழ்ந்திருக்கும் நுனி கறுப்பு ரப்பரில் பழுப்புப் புள்ளியாகத் தலைகாட்டும். தெரியவில்லை என்றால் கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் மெதுவாக ஓட்டுங்கள். நூல் எங்கே சிக்கி இழுபடுகிறதோ அங்கே முள். விரலை வேகமாக ஓட்டாதீர்கள், கண்ணாடிச் சில்லாக இருந்தால் கிழித்துவிடும். முள்ளை உள்ளிருந்து ஊக்கால் வெளிப்பக்கம் தள்ளி எடுப்பது நல்லது.

நெருஞ்சியாக இருந்தால் ஒரே காயில் பல முட்கள். ஒரு ஓட்டை கிடைத்தது என்று நிறுத்தாமல் டியூப்பை முழுச் சுற்று பாருங்கள்.

ஓட்டை டியூப்பின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் பேசும். சாலையைப் பார்த்த பக்கம் என்றால் முள், ஆணி, கண்ணாடி. ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால், ரிம்முக்குள் ஸ்போக்ஸ் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் விலகி, முனை குத்துகிறது. அங்கே ஒட்டு போட்டுப் பயனில்லை, டேப்பைச் சரி செய்யுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல், பாம்பு கடித்த மாதிரி இருந்தால் காற்று குறைவு. பள்ளத்தில் விழுந்தபோது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் அதை ஒட்ட முடியாது, டியூப்பை மாற்ற வேண்டியதுதான்.

நானே ஒட்டுகிறேன். ஆனால் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாலே ஒட்டு விட்டுவிடுகிறது. சொல்யூஷன் நல்லதாகத்தான் வாங்குகிறேன். (நெய்வேலி)

சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டைப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். சாதாரணப் பசை மாதிரி அதை நினைக்கக் கூடாது. அதில் உள்ள கரைப்பான் முழுதும் ஆவியாகிப் போன பிறகுதான் ஒட்டின் அடியில் இருக்கும் ரப்பர் டியூப்போடு பிணையும். நடுவில் கரைப்பான் சிக்கிக்கொண்டால் அந்த இடம் கொழகொழவென்றே இருக்கும், வெயில் பட்டதும் வழுக்கிவிடும்.

ஓட்டையைச் சுற்றிப் பேனாவால் பெரிய பெருக்கல் குறி போடுங்கள். குறியின் கைகள் ஒட்டின் அளவைத் தாண்டி நீள வேண்டும், இல்லையென்றால் தேய்த்ததும் ஓட்டை எங்கே என்று தெரியாது. உப்புத்தாளால் பளபளப்பு போய் மங்கும் வரை தேயுங்கள். டியூப்பில் நீளவாக்கில் ஓடும் வார்ப்புக் கோடு அந்த இடத்தில் வந்தால் அதைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். கோடு நின்றால் அதன் ஓரமாகவே காற்று கசியும். தூசியைத் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. சொல்யூஷனை ஒட்டைவிடச் சற்று அகலமாக, மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். சித்திரை வெயிலில் மூன்று நிமிடம் போதும். மினுமினுப்பு போய் மங்கலாகத் தெரிவதுதான் அடையாளம். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் படியும். சீக்கிரம் காயட்டும் என்று தீக்குச்சி கொளுத்திக் காட்டுவதும் வேண்டாம். அந்தக் கரைப்பான் பற்றி எரியும்.

பிறகு ஒட்டின் அடித்தாளை உரித்து, வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்தினால் போதும். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து எடுக்க முயன்று ஒட்டின் ஓரத்தைக் கிளப்பிவிடாதீர்கள், அது அப்படியே இருந்தாலும் கெடுதல் இல்லை. சுற்றிலும் பிசுபிசுப்பு இருந்தால் கொஞ்சம் முகப் பவுடர் தூவுங்கள். ஒட்டு பிடித்ததா என்று பார்ப்பதற்கு டியூப்பை வெளியே வைத்துப் பெரிதாக ஊதவே கூடாது. டியூப் விரிய, ஒட்டு விரியாமல், ஓரம் பிரிந்துவிடும். டயருக்குள் போட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும்.

பழைய டியூப்பில் வெட்டிய துண்டை ஒட்டாகப் போடுகிறீர்கள் என்றால், அந்தத் துண்டையும் தேய்த்து, அதிலும் சொல்யூஷன் தடவி, இரண்டும் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். இன்னொன்று: சொல்யூஷன் குப்பியை ஒரு தடவை திறந்துவிட்டால் மூடி வைத்தாலும் சில மாதங்களில் உள்ளே உலர்ந்துவிடும். பையில் இருக்கிறதே என்று நம்பிக் கிளம்பாமல் அமுக்கிப் பாருங்கள்.

அண்ணா, பிளஸ் 1-ல் அரசு கொடுத்த சைக்கிள் வைத்திருக்கிறேன். ராத்திரி காற்று அடித்தால் காலையில் இறங்கிவிடுகிறது. கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டுப் பஞ்சரே இல்லை என்கிறார்கள். (திருவாரூர் மாவட்டம்)

தம்பி, வால் டியூப்பைப் பாருங்கள். உங்கள் சைக்கிள் வால்வுக்குள் ஒரு சின்னப் பித்தளைக் குச்சி இருக்கும். அதன் பக்கவாட்டில் ஊசித்துளை. அந்தத் துளையை மூடியபடி மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று போட்டிருக்கும், அதுதான் வால் டியூப். வெளியிலிருந்து காற்று அழுத்தும்போது ரப்பர் விரிந்து வழிவிடும், உள்ளிருந்து காற்று தள்ளும்போது துளையை இறுக மூடும். வெயிலில் அந்த ரப்பர் வெடித்துவிட்டால் காற்று நிற்காது.

காற்று அடித்துவிட்டு வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் அதுதான் காரணம். வால்வின் மேல் இருக்கும் வளைய நட்டைக் கையாலேயே திருகிக் குச்சியை உருவுங்கள். பழைய ரப்பரை முழுதாகப் பிய்த்தெடுத்து, புதியதை எச்சிலால் நனைத்து, ஊசித்துளையைத் தாண்டி மேலே விளிம்பு வரை ஏற்றுங்கள். எண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். இரண்டு நிமிட வேலைதான். சில ரூபாய்க்கு நாலைந்து துண்டு வாங்கிப் பென்சில் பாக்ஸில் போட்டு வையுங்கள், வகுப்பில் யாருக்காவது தேவைப்படும்.

இந்தச் சைக்கிளில் பின் சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை. செயின் கவர், கேரியர், மட்கார்டு கம்பி, ஸ்டாண்டு எல்லாம் அந்த அச்சிலேயே மாட்டியிருக்கும். பஞ்சர் ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. சைக்கிளைச் சாய்த்து, டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் கழற்றி, டியூப்பைப் பக்கவாட்டில் வெளியே இழுத்து, அப்படியே ஒட்டி உள்ளே தள்ளிவிடலாம். பஞ்சர் கடையிலும் அப்படித்தான் செய்கிறார்கள், அடுத்த முறை பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

மகள் கியர் இல்லாத சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். வாரம் இரண்டு முறை செயின் கழன்றுவிடுகிறது. கையெல்லாம் கறுப்பாக வருகிறாள். (கும்பகோணம்)

மாட்டும் முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைப் பின்னால் உள்ள சின்னப் பல் சக்கரத்தில் முதலில் சரியாக உட்கார வைக்க வேண்டும். பிறகு முன்னால் உள்ள பெரிய செயின் வீலின் அடிப்பகுதியில் நாலைந்து பற்களில் செயினை மாட்டிப் பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் மீதி தானாக ஏறிவிடும். பின்னோக்கிச் சுற்றும்போது சக்கரம் சுழலாது. ஆனாலும் செயின் பல்லில் ஏறும் இடத்தில் விரல் இருக்கவே கூடாது. ஒரு குச்சியாலோ பூவரச இலையை மடித்தோ செயினைத் தூக்கலாம், கையும் கறுக்காது.

வாரம் இரண்டு முறை கழல்கிறது என்றால் செயின் தொய்ந்திருக்கிறது. மேல் செயினின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். மேலும் கீழுமாக அரை அங்குலம் அசையலாம், அதற்கு மேல் தொங்கினால் தளர்வு. பின் அச்சின் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, டயர் இரு பக்கமும் ஃபிரேமிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் சக்கரம் கோணலாக நின்று, செயின் இன்னும் அதிகமாகக் கழலும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொய்வது இயல்பு, இறுகும் இடத்தில் அரை அங்குலம் இருந்தால் சரி.

இழுத்தும் கழல்கிறதா? ஸ்கேலை எடுத்துச் செயின் ஆணியின் நடுவிலிருந்து அளங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் ஆகியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, பற்களையும் கூர்கூராகத் தேய்த்திருக்கும். புதுச் செயின் மாட்டும்போது கடைக்காரர் போடும் செயின் லாக்கை (இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்) ஒருமுறை பாருங்கள். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் ஏதாவது தட்டி, கிளிப் கழன்றுவிடும்.

துப்பட்டா, பாவாடை செயினில் சிக்காமல் இருக்கச் செயின் கவர் முழுதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கவர் ஆடிச் செயினைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே கழற்றிவிடும்.

பஞ்சர் ஒட்டி மாட்டிய பிறகு முன் பிரேக் பிடிக்கவே இல்லை. இறக்கத்தில் பயந்துவிட்டேன். (ஏற்காடு)

உயிரோடு சம்பந்தப்பட்ட தவறு இது, எல்லாரும் கவனிக்க வேண்டும். சக்கரத்தை வெளியே எடுப்பதற்காக, ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் வி-பிரேக்கின் வளைந்த உலோகக் குழாயைக் கொக்கியிலிருந்து விடுவித்திருப்பீர்கள். திரும்ப மாட்ட மறந்திருக்கிறீர்கள். சக்கரம் மாட்டியதும் ஏறி உட்காரும் முன் வரிசை இதுதான்: பிரேக் கொக்கி, அச்சு, சக்கரச் சுழற்சி. பிரேக் லீவரை இரண்டு முறை அமுக்கிப் பாருங்கள், பிரேக் கட்டை ரிம்மில் பட வேண்டும், டயரில் படக் கூடாது. கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் போதும். அச்சில், ஸ்பேனர் இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற உதவும் குயிக் ரிலீஸ் கைப்பிடி இருந்தால், பாதி மடக்கும்போதே அழுத்தம் தெரிய வேண்டும், முழுதும் மடக்கும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். சும்மா திருகி இறுக்குவது போதாது. கைப்பிடியை மடக்குவதுதான் பூட்டு.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு: சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடாதீர்கள். ஆயில் பிரேக்காக இருந்தால் இரண்டு கட்டைகளும் நெருங்கிக்கொண்டு டிஸ்க் உள்ளே போகாது. பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து நடுவில் செருகி வைக்கலாம்.

இடது பெடல் கழன்று கையில் வந்துவிட்டது. திருகினால் ஏறவே மாட்டேன் என்கிறது. (சேலம்)

இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலது பெடல் கடிகாரச் சுற்றில் இறுகும், இடது பெடல் எதிர்ச்சுற்றில் இறுகும். குழப்பமில்லாமல் நினைவு வைக்க ஒரு வழி: ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, அதன் மேல்முனையை முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலுமே இறுகும். முதல் மூன்று சுற்றைக் கையால் திருகுங்கள். கையால் ஏறாததை ஸ்பேனரால் ஏற்றினால், பெடல் மாட்டும் அலுமினியக் கையின் (கிராங்க்) மரை அழிந்துவிடும். அழிந்த மரையைச் சாலையோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பெடல் ஆடுகிறது என்று தெரிந்த நிமிடமே நிறுத்தி இறுக்குங்கள், ஆடும் பெடலை மிதித்துக்கொண்டே வீடு வரை போவதில்தான் மரை போகிறது.

பழைய மாடல் சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் "டக்" என்று தட்டினால் பெடலைக் குறை சொல்லாதீர்கள். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். நட்டை மட்டும் இறுக்கினால் மரை அறுந்துவிடும். பின்னைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கி, அதற்குப் பிறகு நட்டை இறுக்க வேண்டும்.

பின் சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் உடைந்து, சக்கரம் பிரேக்கில் உரசுகிறது. வீடு இன்னும் 30 கிலோமீட்டர். என்ன செய்யலாம்? (திண்டுக்கல்)

உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டிவிடுங்கள், எதிலும் சிக்கக் கூடாது. உடைந்ததற்கு இரு பக்கமும் உள்ள கம்பிகள் எதிர்ப்புறத்துக்கு இழுப்பவை. அவற்றின் பிடி மீறியதால்தான் ரிம் கோட்டமாகிறது. ஆகவே அந்த இரண்டு கம்பிகளையும் ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள்களை அரைச் சுற்று தளர்த்துங்கள், சுழற்றிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. டயர் பக்கமிருந்து பார்க்கும்போது எதிர்ச்சுற்றுதான் தளர்வு. கோட்டம் முழுதும் போக வேண்டியதில்லை, பிரேக் கட்டையில் படாமல் சுற்றினால் போதும். பையைக் கழற்றி முதுகில் போட்டுக்கொண்டு, பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து, மெதுவாக வாருங்கள். மறுநாள் கண்டிப்பாகக் கடை. கோட்டம் எடுப்பது தனிக் கலை, அதைச் சாலையில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

முதன்முறையாக 200 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன். நண்பர்கள் காரில் பின்னால் வருகிறோம் என்கிறார்கள். கருவிகள் எடுக்க வேண்டுமா? (கோவை)

கார் பின்னால் வரக் கூடாது. பிரெவே விதிப்படி ஓட்டுபவர் தன்னையும் தன் சைக்கிளையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த ஆட்களின் உதவி, வழியில் வருகையைப் பதிவு செய்யும் கண்ட்ரோல் இடங்களில் மட்டும்தான். 200 கிலோமீட்டருக்கு நேரம் 13 மணி 30 நிமிடம், அதில் ஒரு பஞ்சருக்கு ஒரு மணி நேரம் கொடுக்க முடியாது.

இந்த விதியின் வேர் பழையது. 1913-ம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பிரனீஸ் மலையின் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜீன் கிறிஸ்டோப் என்ற வீரரின் சைக்கிள் ஃபோர்க் உடைந்தது. பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் சைக்கிளைச் சுமந்துகொண்டு நடந்து, அடிவாரக் கிராமத்தின் கொல்லன் பட்டறையில் அவரே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சரி செய்தார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவருக்கு நேர அபராதம் விதித்தார்கள். மணிக்கணக்கில் நேரம் போயும் அவர் பந்தயத்தை முடித்தார்.

உங்களுக்குத் துருத்தி வேண்டாம். இரண்டு டியூப், ஒட்டுப் பெட்டி, மூன்று லீவர், பம்ப், செயின் கட்டருடன் கூடிய ஆலன் கீ கொத்து, அறுந்த செயினை இணைக்க, உங்கள் செயினுக்குப் பொருந்தும் குயிக் லிங்க் இரண்டு. எட்டு கியர் செயினின் லிங்க் பத்து கியர் செயினில் பொருந்தாது, எண் பார்த்து வாங்குங்கள். டியூப்பின் வால்வு நீளம் உங்கள் ரிம்மின் உயரத்தைத் தாண்ட வேண்டும். கையுறை ஒரு ஜோடி, சுருட்டிய இன்சுலேஷன் டேப், நாலைந்து கேபிள் டை. டயரே கிழிந்தால் உள்ளே வைக்கத் தீர்ந்துபோன பற்பசைக் குழாயை வெட்டிக் கழுவிய துண்டு ஒன்று. அது இல்லாவிட்டால் பால் பாக்கெட் உறையை நாலாக மடித்து வைத்தாலும் வீடு வரை தாங்கும், காற்றை மட்டும் சற்றுக் குறைத்து அடியுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வைத்திருந்தாலும் பம்ப்பை விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் ஒரு தடவைக்குத்தான். அந்த வாயு டியூப் ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும், மறுநாள் சாதாரணக் காற்று அடிக்க வேண்டும்.

பஞ்சர் லிக்விட் ஊற்றிவிட்டால் இதெல்லாம் தேவையில்லைதானே? (ஆவடி)

சிறு முள்ளுக்குப் பயன்படும், கீறலுக்கும் வால்வுக் கிழிசலுக்கும் பயன்படாது. மாதங்கள் கழித்து உள்ளேயே காய்ந்தும் போகும். ஊற்றிய டியூப்பில் ஓட்டை விழுந்தால் ஈரத்தைத் துடைத்துக் காய வைக்காமல் ஒட்டு பிடிக்காது. முள் காட்டில் ஓட்டுபவர்கள் ஊற்றட்டும், ஆனால் லீவரையும் பம்ப்பையும் வீட்டில் வைத்துவிட வேண்டாம்.

எனக்கு 52 வயது. இப்போதுதான் மறுபடியும் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். டயரைக் கழற்றும் அளவுக்குக் கையில் வலு இல்லை என்று என் மகன் சொல்கிறான். (புதுக்கோட்டை, ஒரு வாசகி)

அம்மா, உங்கள் மாவட்டத்தில்தான் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். வயல் வேலை, குவாரி வேலை செய்த கைகள் அவை. டயர் கழற்ற வலுவைவிட இடம் தெரிவதுதான் முக்கியம். முதல் பதிலில் சொன்ன நடுப் பள்ளத்தை மறுபடியும் படியுங்கள். ஓரங்களைப் பள்ளத்தில் தள்ளாமல் நெம்பினால் பயில்வானுக்கும் கழலாது.

வலு குறைவாக இருந்தால், சக்கரத்தைச் சுவரில் சாய்த்து முழங்காலால் அழுத்தி நிறுத்துங்கள், இரண்டு கையும் டயருக்குக் கிடைக்கும். லீவர் நீளமானதாக வாங்குங்கள். டயரை மாட்டும்போது கடைசி ஒரு சாணில் சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தடவினால் வழுக்கி ஏறும். புது டயர் எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும், நாலைந்து முறை கழற்றி மாட்டினால் தளரும். ஆகவே புது டயர் வாங்கிய வாரத்திலேயே பழகிவிடுங்கள். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள்.

ஒரு டியூப்பில் எத்தனை ஒட்டு போடலாம்? (ஓசூர்)

எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை. ஒட்டின் மேல் ஒட்டு போடக் கூடாது, வால்வின் அடியில் போடக் கூடாது, ஒட்டின் அளவைவிட நீளமான கீறலில் போடக் கூடாது. டியூப்பை இழுத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் வரிவரியாகத் தெரிந்தால், ஓட்டையே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் கேரியரில் சாமான் கட்ட நீளவாக்கில் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.